தொலைநின்று கற்றலும் கூடிப் பயிறலும்: ஓசூர், கிருட்டிணகிரி எல்லைப் பகுதி பற்றிய ஒரு வரலாற்றாய்வு

1. தோற்றுவாய்

ஆசான் சொல்ல மாணாக்கன் கேட்பதே கல்வி என்று கொள்வார் பலர். தமிழ் இலக்கண மரபு அவ்வாறு கொள்ளவில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொதுப்பாயிரத்திற் பாடங்கேட்கும் முறையினைக் கூறுமிடத்து, புலமையைப் பங்கிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியர் உரைத்ததனை நன்கு மனங்கொண்ட மாணாக்கனும் காற்பங்கே பெற்றவனாவான். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். தான் பிறர்க்குத் திருத்தமுற எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அந்நூலார் கருத்து. எனவே, புலமையின் முக்காற்பங்கு ஆசிரியர் வாய்மொழிக்கு அப்பாற்பட்டது. பிறரோடு கூடியிருத்தலால் வருவது.

ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்திற் கூடாமலே கற்கும் தொலைநிலைக் கல்வி ஏறத்தாழ இரு நூற்றாண்டு வரலாறுடையது. அவ்வரலாற்றில் நன்னூலார் கூறிய முக்காற்பங்கு என்னவாயிற்று? இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகள் அதனை மீட்டுத் தர வல்லனவா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கல்லூரிகள் மூடப்பட்ட காலத்தில் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியில் நேர்ந்தவை இவ்வாய்வுக்குக் களமாக அமைகின்றன. கூட்டுப்பணிக் கருவி என்றது, பலர் வெவ்வேறிடங்களிலிருந்து ஒரே பக்கத்தை எழுதவும், திருத்தவும், அதனைப் பற்றித் தம்முள் வினாவி விடுக்கவும் இடந்தரும் கணினி ஏற்பாடுகளை. ஒருவர் பேசப் பலர் கேட்கும் காணொலி வகுப்பு இதனின் வேறு என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

2. நன்னூலார் வகுத்த பங்கீடு

வடமொழியில் வழங்கும் ஒரு தனிப்பாடலும் கல்வியை நான்கு கூறாக்குகின்றது. அதன்படி ஆசிரியரிடமிருந்து ஒரு கூறும், மாணாக்கனின் சொந்த அறிவால் ஒரு கூறும், உடன் கற்பாரிடமிருந்து ஒரு கூறும், காலம் செல்லச் செல்ல ஒரு கூறும் வந்து சேரும். நன்னூற் பங்கீட்டை இதனோடு ஒப்பிட்டால் ஒற்றுமையும் வேற்றுமையும் புலனாகும். ஆசிரியர்க்கும் உடன் பயில்வார்க்கும் இரண்டும் ஒப்பவே பங்கு தருகின்றன. எஞ்சிய பாதியை வடமொழிப் பாடல் தனியறிவுக்கும் காலத்துக்கும் அளிக்க, நன்னூல் பிறர்க்கு உரைத்தலுக்கே முழுதும் அளிக்கின்றது. கற்பித்தலே கற்றலின் பெரும்பகுதி என்று இத்துணைத் தெளிவாக வரையறுத்தது தமிழ் இலக்கண நூல்களின் தனிச்சிறப்பு எனலாம்.

நன்னூல் மேலும் சில கூறுகின்றது. உலக வழக்கறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசானை அடுத்து மீண்டுங் கேட்டல், தகுதியுடையோரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றிற்கு விடை கூறுதல் ஆகியவற்றை நூல் பயிலும் இயல்பாக அது தொகுத்துரைக்கின்றது. இவற்றுள் இறுதி மூன்றும் கூட்டத்தினின்றே நிகழ்வன. மற்றும், ஒன்றை இருமுறை கேட்பவன் பிழை நீங்குவான் என்றும், மும்முறை கேட்பவன் முறையறிந்து உரைப்பான் என்றும் கூறுகின்றது. இன்று பாடத்தைப் பதிவு செய்து மீண்டும் மீண்டும் கேட்கச் செய்யும் ஏற்பாட்டிற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை.

பவணந்தியாரை நன்னூல் செய்யுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்பது சிறப்புப்பாயிரத்தாற் பெறப்படும். அவன் கங்கர் குடியினன். அக்குடியின் தொன்னகர் குவலாளபுரம். அதுவே கிருட்டிணகிரிக்கு வடக்கே கருநாடக மாநிலத்தில் உள்ள இன்றைய கோலார். தமிழும் கன்னடமும் ஒன்றையொன்று தொட்டு வாழும் இவ்வெல்லை நிலத்தோடு தொடர்புடைய குடியினன் வேண்டுகோளாற் பிறந்த இலக்கணம் நன்னூல் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

3. சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

நன்னூற் கருத்து ஏட்டளவில் நின்றதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வந்தான். மடங்களிலும் இம்முறை நிலவியது. உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் தாம் பாடங்கேட்டுக்கொண்டே பிறர்க்குப் பாடஞ் சொன்னவர்.

இம்முறை கடல் கடந்த வரலாறும் உண்டு. ஆண்டுரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் நடத்த விரும்பினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே வழங்கினர் என்பது அறிஞர் அறிந்தது. ஆசிரியர் அதற்கு ஒருப்படாமையின், ஒரு சிறுவனையே மற்றச் சிறுவர்க்கு ஆசானாக அமர்த்தினார். அதன் பயனைக் கண்டு 1797 இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்டுரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றே வழங்குகின்றது.

பெல் அவர்களின் முறையில் ஆசிரியர்க்கு ஆகும் செலவைக் குறைக்கும் நோக்கமும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. சட்டாம்பிள்ளையின் பிரம்பும் யாவரும் அறிந்ததே. ஆயினும், மாணாக்கனுக்கு மாணாக்கன் துணையாதல் என்னும் நெறி இந்நாட்டுக்குப் புதிதன்று என்பது இவற்றால் விளங்கும்.

4. அஞ்சலும் ஒலியும் ஒளியும்

தொலைநிலைக் கல்வி அஞ்சலொடு தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1840 இல் ஒரு பென்னி அஞ்சல் வந்ததும் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். 1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம் வெளியிடத்து மாணவரையும் தன் தேர்வெழுத இசைவளித்தது. இந்தியாவில் 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் அந்நெறியை மேற்கொண்டன. 1985 இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002 இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

இக்கல்வி செய்த நன்மை பெரிது. ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்க்கும், மணமாகி இல்லத்திருந்த மகளிர்க்கும் பட்டப்படிப்பின் கதவைத் திறந்தது அஞ்சலே. எனினும், அது சுமந்து வந்தது அச்சிட்ட பாடம். அஃதாவது ஆசான் உரைத்தது. விடைத்தாளைத் திருத்தி அனுப்புதலும், ஆண்டிற் சில நாள் நிகழ்ந்த நேர்முக வகுப்புகளும் மட்டுமே மறுமொழிக்கு இடந்தந்தன. ஒரே ஊரில் ஒரே பாடத்தைப் பயின்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் பெற்று முடித்தல் அந்நெறியில் இயல்பாயிருந்தது.

அஞ்சலுக்குப் பின் வந்த கருவிகள் விரைவின. ஆயினும் திசையில் மாறாதன. சென்னை வானொலி நிலையம் 1938 இல் தோன்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைக்காட்சி வகுப்பு 1984 இல் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 ஆம் நாள் விண்ணில் ஏவப்பெற்றது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 ஆம் நாள் தொடங்கப்பெற்றது. எஜுசாட் வழியே எதிர்வினவும் ஏற்பாடு ஓரளவு இருந்ததெனினும், இவை யாவும் ஓரிடத்துக் குரலைப் பலவிடத்துச் செவிகளுக்குக் கொண்டு சேர்ப்பதையே தலையாய பணியாகக் கொண்டன. நன்னூலாரின் முதற் காற்பங்கைச் செவ்வையாகச் சுமந்தன. மற்ற முக்காலைச் சுமக்கவில்லை.

5. இணையத்திற் கூட்டுப்பணி

கூட்டுப்பணிக்கு வழி திறந்தது இணையம். இதில் தமிழர் பிந்தியவரல்லர். சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி 1995 இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழெழுத்தில் இணையத்திற் காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம், எவரும் எழுதவும் திருத்தவும் கூடிய ‘விக்கி’ என்னும் பக்க முறையை வெளியிட்டார். 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்ற அம்முயற்சியில், ஒரு நாட்டவர் தட்டெழுத மற்றொரு நாட்டவர் பிழை திருத்தித் தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றன. ஒருவரையொருவர் நேரிற் காணாதார் கூடிச் செய்த தமிழ்ப்பணி அது.

1999 பிப்ரவரியிற் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைத் தரப்பாடு வந்தது. 2001 பிப்ரவரி 17 ஆம் நாள் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது; அறிஞர் வா. செ. குழந்தைசாமி அதனை முன்னின்று உருவாக்கினார். 2010 இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. பாடமும் நூலகமும் ஒருங்கே தரும் அவ்வமைப்பு, தமிழ் பயில்வார்க்கு இன்றும் பெருந்துணையாகும். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிற்று.

ஈண்டு ஓர் ஒப்பீடு பயன்தரும். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதுவும் பலர் கூடிச் செய்த பணியே. எனினும் அறிஞர் எழுத, பதிப்பாசிரியர் செப்பனிட, மாணாக்கர் படித்தனர். விக்கிப்பீடியாவிலோ மாணாக்கரும் எழுதுவார் வரிசையில் உள்ளனர். முன்னதில் உறுதிப்பாடு மிகுதி. பின்னதிற் பயிற்சி மிகுதி. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கருதாது, இரண்டையும் அவ்வவற்றின் பயன் நோக்கி மதித்தல் வேண்டும்.

பதிப்புத் துறையினர்க்கு இக்கருவிகளில் ஒரு கூறு நன்கு விளங்கும். விக்கிப் பக்கத்திலும், 2006 இல் வெளிவந்த கூகுள் டாக்ஸ் போன்ற கூட்டெழுத்துப் பக்கங்களிலும், எவர் எப்பொழுது எதனை எழுதினார், எதனை நீக்கினார் என்பது பதிவாகி நிற்கும். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பது போல, ஒரு கட்டுரை உருவான படிகளை முன்பின்னாக ஆசிரியர் காண இயலும். குழுவாகச் செய்த பணியில் தனியொருவர் உழைப்பை அறிய முடியாது என்னும் பழைய குறைக்கு இது மருந்தாகின்றது.

6. எல்லைப் பகுதியின் இயல்பு

இனி, களத்தை நோக்குவாம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004 பிப்ரவரி 9 ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டமும் பிரிந்தன. கருநாடகமும் ஆந்திரமும் இதன் எல்லைகள். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970 களில் உருவாயிற்று. 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி.வி.எஸ்., அசோக் லேலண்டு ஆலைகளும், பின்னர் டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. அண்மைக் காலத்தில் மின்னணு ஆலைகளும், போச்சம்பள்ளியில் மின்சார வண்டி ஆலையும் எழுந்துள்ளன. 2019 இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இப்பகுதி மாணாக்கர் ஒரு தன்மையர் அல்லர். பகலிற் கல்லூரியும் இரவில் ஆலை ஷிப்டுமாக வாழ்வோர் உளர். சூசூவாடிக்கு அப்பால் அத்திப்பள்ளியிலிருந்து நாடோறும் மாநில எல்லை கடந்து வருவோர் உளர். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்துக் காடு சூழ்ந்த மலையூரினர் உளர். அவ்வூர்கள் சிலவற்றிற் கைப்பேசிக்கு டவர் கிட்டுவது அரிது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசிப் பள்ளியில் தமிழ் கற்றோர் பலர். தம் குடியில் முதன்முதற் கல்லூரி புகுந்தோர் மிகப் பலர். பெண்மக்கட்குப் படிப்பு ஓராண்டு தடைப்படுமாயின் அடுத்து வருவது திருமணப் பேச்சு என்பதும் இம்மலையூர்களில் உள்ள நடைமுறை. ஆதலின், தொலைநின்று கற்கும் முறை இங்குத் தோற்குமாயின் இழப்பு மதிப்பெண்ணோடு நில்லாது.

7. 2020 ஆம் ஆண்டும் அதன் பின்னும்

கொரோனா நோய்த் தொற்றால் 2020 மார்ச்சு 17 முதல் தமிழகக் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. மாநில எல்லை கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. நேற்றுவரை ஒரே பெஞ்சில் இருந்தோர் எல்லையின் இருபுறத்தும் பிரிந்து நின்றனர். கல்லூரிகள் 2020 டிசம்பரில் இறுதியாண்டினர்க்கும், 2021 பிப்ரவரியில் மற்றையோர்க்கும் திறக்கப்பெற்று, மீண்டும் மூடப்பட்டு, 2021 செப்டம்பர் முதல் நாளில் மறுபடி திறந்தன. இடையில் அரசு 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணாக்கர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணைய வசதியை விலையின்றி அளிக்கும் திட்டத்தை அறிவித்தது.

யான் பணியாற்றும் கல்லூரி இவ்வெல்லைப் பகுதியில் உள்ளது. முதல் ஆறு திங்களில் யான் செய்தது பிழை என்பதை மறைக்க விரும்பவில்லை. வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசியதைக் காணொலியில் ஒரு மணி நேரம் பேசினேன். அழைத்தபோது குரல் கொடாதாரை வாராதார் என்று குறித்தேன். மலையூர் மாணாக்கி ஒருத்தி, டவர் கிடைக்கும் பாறைவரை நடந்து சென்று வகுப்பின் பாதியில் வந்து சேர்வாள் என்பதும், மற்றொருவன் இரவு ஷிப்டு முடித்து அந்நேரத்தில் உறங்குகின்றான் என்பதும் பின்னரே தெரிந்தன. வகுப்பில் நாற்பது பெயர்கள் திரையில் தோன்றின. வினா ஒன்றும் எழவில்லை. நன்னூலைப் பாடஞ் சொல்லிக்கொண்டே நன்னூல் விலக்கியதைச் செய்தேன்.

ஏழாந் திங்களில் முறையை மாற்றினேன். நேரடிக் காணொலியை வாரம் ஒன்றாகக் குறைத்து, இருபது நிமிட ஒலிப்பதிவுகளை அனுப்பினேன். இருமுறையும் மும்முறையும் கேட்க அவை உதவின. ஐவர் ஐவராகக் குழு அமைத்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு கூட்டெழுத்துப் பக்கம் கொடுத்தேன். ஒரே நேரத்தில் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஒரு வாரத்துள் எந்நேரத்திலும் எழுதலாம். குழுவில் ஒருவர் எழுத, ஒருவர் சான்று தேட, ஒருவர் ஐயம் எழுப்ப, ஒருவர் விடை கூற, ஐந்தாமவர் முடிவை வேறொரு குழுவிற்கு ஒலிப்பதிவாக எடுத்துரைக்க வேண்டும். இப்பணிகள் வாரந்தோறும் சுழலும். இணையம் எட்டாதவர் தாளில் எழுதி, சந்தைக்கு வரும் நாளிற் படமெடுத்து வாட்சப்பில் அனுப்ப, உடன் பயில்வார் அதனைப் பக்கத்தில் ஏற்றினர்.

முதற் பொருளாக ஊர்ப்பெயர்களைக் கொடுத்தேன். அவரவர் ஊரும் அயலூரும் எவ்வாறு எழுதப்படுகின்றன, மக்கள் வாயில் எவ்வாறு வழங்குகின்றன, முதியோர் என்ன பொருள் கூறுகின்றனர் என்பவற்றைத் தொகுப்பது பணி. தொரப்பள்ளி, போச்சம்பள்ளி எனப் பள்ளி என முடிவனவும், அண்டை மாவட்டத்து மாரண்டஅள்ளி போல அள்ளி என முடிவனவும் வந்து குவிந்தன. இரண்டும் வேறு சொற்களோ என்று ஒருவர் ஐயுற்றார். வகுப்பறையில் ஓராண்டாக வாய் திறவாத ஒரு மாணாக்கன், வீட்டிற் கன்னடம் பேசுவோன், விடை எழுதினான்: தமிழிற் பால் என்பது தன் வீட்டில் ஹாலு, பல் என்பது ஹல்லு, புலி என்பது ஹுலி, அவ்வாறே பள்ளி என்பது ஹள்ளி, அதுவே எழுத்தில் அள்ளி ஆயிற்று என்றான். பழங்கன்னடத்துப் பகரம் ஏறத்தாழ 10 ஆம் நூற்றாண்டு முதல் ஹகரமாகத் திரிந்தது என்பது மொழிநூலார் முடிபு. அதனை நூல்வழி அறியாத மாணாக்கன் தன் நாவிலிருந்தே எடுத்துக் காட்டினான்.

அவ்வாரமே மற்றொரு குழு ஓசூரைப் பற்றி எழுதியது. கன்னடத்து ஹொஸ என்பது பழைய பொஸ என்பதன் திரிபு. தமிழின் புது என்பதோடு ஒரு வேரினது. ஆதலின் ஓசூர் என்பது புதூரே. தெலுங்கு பேசும் மாணாக்கி, தம் மொழியில் அவ்வாறு அமையும் ஊர் கொத்தூர் எனப்படும் என்று சேர்த்தாள். அதன் கொத்த என்னும் சொல் வேறு வேரினது என்பதை யான் குறித்தேன். மூன்று மொழியினர் ஒரு பக்கத்திற் கூடியதால் விளைந்த அறிவு இது. யான் தனியே பேசியிருந்தால் ஒலித்திரிபு விதியை மட்டும் சொல்லியிருப்பேன். அதன் உயிருள்ள சான்றை ஒருவருக்கொருவர் தந்துகொண்டவர் மாணாக்கரே. பின்னர், வாய் திறவாதிருந்த அம்மாணாக்கன் மற்றக் குழுக்களுக்கு இதனை ஒலிப்பதிவில் விளக்கினான். நன்னூலாரின் அரைப்பங்கு அங்கு நிரம்பிற்று என்க.

8. தடைகளும் விடைகளும்

இம்முறைமேல் எழும் தடைகள் மூன்று. முதலாவது, குழுவில் ஒருவர் உழைக்கப் பலர் பெயர் பெறுவர் என்பது. திருத்த வரலாற்றை நோக்கி மதிப்பிட்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். ஆயினும் தாளில் எழுதி அனுப்பியவர் பணி, ஏற்றியவர் பெயரில் நிற்கும். இதனை ஆசிரியர் தனியே குறித்து வைத்தல் வேண்டும். கருவியின் பதிவை மட்டும் நம்பினால், கருவி இல்லாதவனே மீண்டும் இழப்பெய்துவான்.

இரண்டாவது, பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதுதல். பொதுத் தலைப்புகளைக் கொடுத்தால் இது நிகழ்தல் உறுதி. தன் ஊர், தன் வீட்டு மொழி, தன் கண்ட நடுகல் எனக் களம் சார்ந்த பொருள்களைக் கொடுத்தால் பெயர்த்தெழுத மூலம் இராது. இம்மாவட்டத்தில் நடுகற்களுக்கும் பாறை ஓவியங்களுக்கும் குறைவில்லை. மயிலாடும்பாறையிற் கிடைத்த இரும்பின் காலம் கி. மு. 2172 எனக் கணித்து 2022 இல் அரசு அறிவித்தது. மாணாக்கர் தம் ஊரிலிருந்தே எழுதத்தக்க பொருள்கள் இவை.

மூன்றாவது தடை மிக வலியது: கைப்பேசியும் டவரும் இல்லாதார்க்கு எம்முறையும் பயன்படாது என்பது. இது முற்றிலும் மறுக்கத்தக்கதன்று. எனினும் கருவிகளுக்குள் வேறுபாடு உண்டு. நேரடிக் காணொலி ஒரு மணி நேரம் அறாத இணைப்பை வேண்டும். எழுத்துப் பக்கமோ சில நொடி இணைப்பையே வேண்டும். முன்னது காலத்தை வரையறுக்கும். பின்னது மாணாக்கன் காலத்துக்கு இசையும். வளம் குன்றிய இடத்துக்கு ஏற்றது விலையுயர்ந்த கருவியன்று, பொறுத்திருக்கும் கருவி. 2021 அக்டோபர் 27 ஆம் நாள் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலரைக் குழந்தைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. கருவியால் இயலாததை மக்கள் துணையால் ஈடு செய்ய வேண்டும் என்பதற்கு அது சான்று.

இவ்வினாக்கள் நோய்க்காலத்தோடு முடிந்தன அல்ல. 2017 இல் தொடங்கிய ‘சுவயம்’ தளத்தின் வழியே ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை பயிலலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இசைவளிக்கின்றது. தமிழக அரசு 2022 இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இணையவழிப் பயிற்சிகள் உள. தொலைநின்று கற்றல் கல்லூரிக்குள்ளேயே வந்து தங்கிவிட்டது. அது முதற் காற்பங்கோடு நிற்குமாறு விடுவதா, முழுமை பெறச் செய்வதா என்பது நம் துறையினர் முன் உள்ள வினா.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: தமிழ்க் கல்வி மரபு உடன் பயிறலுக்கும் பிறர்க்குரைத்தலுக்கும் புலமையின் முக்காற்பங்கை ஒதுக்கியது. அஞ்சல் முதல் தொலைக்காட்சி வரை வந்த தொலைநிலைக் கருவிகள் கல்வியைப் பரப்பினவேனும், அம்முக்காற்பங்கைக் கைவிட்டன. இணையவழிக் கூட்டுப்பணிக் கருவிகள் அதனை மீட்க வல்லன; ஆனால் தாமே மீட்கமாட்டா. ஆசிரியர் தம் பேச்சைச் சுருக்கி, மாணாக்கர்க்கு வினாவவும் விடுக்கவும் உரைக்கவும் பணி வகுத்தாலன்றி, கூட்டெழுத்துப் பக்கமும் வெற்றுப் பலகையே ஆகும். ஓசூர், கிருட்டிணகிரி போன்ற பன்மொழி எல்லைப் பகுதிகளில் இம்முறைக்குத் தனிப்பயன் உண்டு. ஆசிரியர் அறியாத மொழியறிவு அங்கு மாணாக்கரிடையே பரந்து கிடக்கின்றது.

பாறைவரை நடந்து வந்த மாணாக்கி பட்டம் முடித்தாள். இன்று தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்தறிவிக்கின்றாள் என்று கேள்விப்பட்டேன். அவளை அன்று வாராதவள் என்று குறித்த ஏடு இன்னும் என்னிடம் உள்ளது. இம்முறையின் நிறை குறைகளைப் பிற மாவட்டக் கல்லூரிகளிலும் ஆராய்ந்து துணிதல் இளம் ஆய்வாளர் கடன்.